மோடம் அணைந்த நேரங்கள்

அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டு இன்டர்நெட் தினமும் ஒரு தடவை நிற்க ஆரம்பித்தது. சில நாள் இரண்டு தடவை. அதிக நேரம் இல்லை, ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். பிறகு தானாக வந்துவிடும். படம் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. எனக்கு அதுதான் பிழைப்பு.

நான் நீலகிரி மலையில் அரவேணுவில் வீட்டில் இருந்தபடியே ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்துக்கு வேலை பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் மாலை ஆறு வரை ஏதோ ஓர் ஊரிலிருந்து யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரி கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு பேசுகிறவர்கள். அட்டை செல்லுமா, அனுமதிக் கடிதம் ஏன் இன்னும் வரவில்லை, எந்தக் காகிதம் குறைகிறது என்று கேட்பார்கள். அழ ஆரம்பிப்பவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு. எல்லோரிடமும் ஒரே குரலில், தாழ்வாக, பொறுமையாகப் பேச வேண்டும். அழைப்புகள் இன்டர்நெட் வழியாகத்தான் வரும். நெட் நின்றால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு நான் போனை வைத்துவிட்ட மாதிரிதான் தோன்றும். அவர்களுடைய நம்பர் எங்கள் திரையில் முழுதாகத் தெரியாது, அதனால் திரும்பக் கூப்பிடவும் வழியில்லை.

என் கணவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தார். இலை வாடுவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும் வரைக்கும் அவர் பொறுப்பு. மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். குன்னூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருந்த நான், அந்த வேலையை விட்டு இதில் சேர்ந்தேன். இதில் சம்பளம் கூட. பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

வேலைக்குச் சேர்ந்தபோது நிறுவனம் ஒரு நிபந்தனையை அழுத்திச் சொன்னது. பின்னால் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. நாய் குரைப்பு, டிவி, குக்கர் விசில் எதுவும் கூடாது. பின்பக்க அறையை எனக்கென்று ஒதுக்கி, கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு சிவப்புக் காகிதத்தை ஒட்டி வைத்தேன். நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளம் அது. காலையில் ஒட்டினால் மாலையில்தான் எடுப்பேன்.

என் கணவர் அதற்குப் பழகிக்கொண்டார். மிக்சி ஓட்டுவதை ஒன்பது மணிக்கு முன்பே முடித்துவிடுவார். குக்கரை விட்டுவிட்டுப் பானையில் சோறு வடித்தார். டிவியில் படம் மட்டும் ஓடும், சத்தம் இருக்காது. இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் இருமுவார். இதையெல்லாம் நான் கவனித்திருந்தேன். நல்லவராக இருக்கிறாரே என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

மோடம் முன்கூடத்தில், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டிலிருந்து வரும் ஃபைபர் ஒயர் ஜன்னல் சட்டம் வழியாக உள்ளே நுழைந்து அங்கேதான் முடிகிறது. அங்கிருந்து என் அறைக்கு ஒரு கேபிள் இழுத்திருக்கிறோம். வீடு ரோட்டுக்குக் கீழே சரிவில் இருப்பதால் மொபைல் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். மொபைலில் இணைத்து வேலை செய்யலாம் என்றால் அதற்கும் நிறுவனத்தில் அனுமதி இல்லை.

முதல் வாரம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். நெட் போனதும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடி வருவேன். மோடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்டிக்கொண்டு எழுந்துகொண்டிருக்கும். எல்லாம் பச்சையாகி நிலைக்க நாலைந்து நிமிடம் பிடிக்கும். அவர் சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார்.

"மறுபடியும் போயிருச்சா?" என்பார்.

"ஆமாங்க. நீங்க பார்த்தீங்களா, சிவப்பு லைட்டு எரிஞ்சுதா?"

"நான் கவனிக்கலையே. மழையில எங்காவது தண்ணி எறங்கியிருக்கும்."

கேபிளைக் கழற்றி மாட்டினேன். ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று ஜன்னல் வரை விரலால் தடவிப் பார்த்தேன். மோடம் சூடாகிறதோ என்று அடியில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்து உயர்த்தினேன். அவரும் கூடவே குனிந்து டார்ச் பிடித்தார். கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்பதால் மோடத்துக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மாட்டியிருந்தார். அதையும் திறந்து பார்த்தார். வெளியே ஏணி போட்டு ஏறி, ஓட்டோரத்தில் குரங்குகள் தொங்கி ஒயரை இழுத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முட்டியெல்லாம் பாசியோடு இறங்கி வந்தார். விளக்குகள் எழுந்து வரும் வரையில் நானும் சோபாவில் உட்காருவேன். அவர் அதற்குள் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். கீழ்த் தோட்டத்தில் காலையில் ஆறு காட்டெருமை நின்றதையோ, மகள் அனுப்பிய போட்டோவையோ பற்றி ஏதாவது சொல்வார். நான் ஒரு காதில் கேட்டுக்கொண்டே விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நெட் கொடுக்கும் கம்பெனியில் புகார் செய்தேன். இந்தப் பகுதிக்கு வருகிற டெக்னீஷியனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த படுகர்; இங்கே படுகர் ஊர்களை ஹட்டி என்பார்கள். போனில் தன் வீட்டாரோடு படுகு மொழியில் பேசிவிட்டு எங்களிடம் தமிழில் பேசுவார். முதல் தடவை வந்தபோது கம்பத்திலிருந்து வீடு வரை ஒயரைப் பார்த்தார். ஒரு சின்ன மீட்டரை ஒயர் முனையில் மாட்டி அளந்தார்.

"லைன்ல வெளிச்சம் நல்லா வருதுங்க அக்கா. எதுக்கும் முனையை மாத்திடறேன்" என்று புது முனை போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு நெட் நின்றது.

இரண்டாவது தடவை வந்தபோது மோடத்தையே மாற்றினார். அடாப்டரும் புதிது. யூபிஎஸ்ஸைத் தனியாக எடுத்து வைத்து ஒரு மணி நேரம் சோதித்தார். என் கணவர் அவருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, மழை எந்தப் பக்கம் அதிகம் என்று பேசிக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் போன பிறகு இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். மூன்றாவது நாள் மத்தியானம் மறுபடி நின்றது.

அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணின் அழைப்பு வந்தது.

திண்டுக்கல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். கணவனுக்கு வயிற்றில் ஆபரேஷன். மூன்று மணிக்குள் அனுமதிக் கடிதம் வந்தால்தான் அன்றைக்கே உள்ளே கொண்டுபோவார்கள், இல்லாவிட்டால் மறுநாள் என்று சொல்லிவிட்டார்களாம். மணி இரண்டரை தாண்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. கையில் இருந்த காகிதங்களை யாரோ ஒருவரிடம் காட்டி, அவர் படிப்பதை எனக்குத் திருப்பிச் சொன்னாள். எந்தக் காகிதம் குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதை எந்த மேசையில் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"பதறாதீங்கம்மா. நான் லைன்லயே இருக்கேன். நான் சொல்ற பேரை மட்டும் அங்க போய்ச் சொல்லுங்க" என்றேன்.

அவ்வளவுதான். திரை அப்படியே நின்றது. என் காதில் எதுவும் இல்லை.

கூடத்துக்கு ஓடினேன். மோடத்தில் விளக்குகள் எழுந்துகொண்டிருந்தன. அவர் ஏதோ கேட்டார்.  அவர் டீக்குத் தண்ணீர் வைக்கப் போனார். "வேண்டாமுங்க" என்று கத்தினேன். இணைப்பு திரும்பியபோது வேறு யாரோ சேலத்திலிருந்து அட்டை நம்பர் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து கோயம்புத்தூரிலிருந்து என் மேற்பார்வையாளர் கூப்பிட்டாள். என்னைவிட இருபது வயது சின்னவள். எப்போதும் மரியாதையாகப் பேசுவாள். "மேடம், ஒரு கால் போட்டுக் காட்டறேன், கேளுங்க" என்றாள்.

எங்கள் பேச்செல்லாம் பதிவாகிறது. என் பக்கம் இணைப்பு போன பிறகும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பதிவாகியிருக்கிறது. என் குரல், "நான் லைன்லயே இருக்கேன்" என்றது. அதற்குப் பிறகு அவள் குரல் மட்டும். "ஹலோ. அம்மா. அம்மா இருக்கீங்களா? ஹலோ." பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்கிறார். அவள் அவரிடம், "இருக்காங்க, இருக்கேன்னுதான் சொன்னாங்க" என்கிறாள். மறுபடியும் "ஹலோ."

அவள் மீண்டும் எங்கள் எண்ணைக் கூப்பிட்டு, வரிசையில் காத்திருந்து, வேறொருவரிடம் பேசி, கடிதம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அதற்குப் பின் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பது எங்கள் பதிவில் இல்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

மேற்பார்வையாளர் சொன்னாள்: "உங்க மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும் மேடம். ஆனா இது மூணாவது எச்சரிக்கை. இன்னும் ஒண்ணு வந்தா வீட்டிலிருந்து வேலை பார்க்க விட மாட்டாங்க. இங்க ஆபீசுக்கு வந்துதான் பார்க்கணும்."

மழைதான் காரணம் என்றும் சரிசெய்துவிடுவோம் என்றும் சொன்னேன்.

முதல் இரண்டு எச்சரிக்கைகளை நான் கணவரிடம் சொல்லவில்லை. மூன்றாவதையும் சொல்லவில்லை. ஃபேக்டரி மூடிய நாளிலிருந்து எந்தக் கெட்ட செய்தியையும் அவரிடம் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அவர் மனசு நோகக்கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன். நல்லது கெட்டது எதையுமே அவரோடு பேசாமல் இருப்பதற்கு அது வசதியாகவும் இருந்தது என்பது இப்போது புரிகிறது.

டெக்னீஷியனை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டேன். அவர் வந்த நேரத்தில் என் கணவர் பால் வாங்கப் போயிருந்தார். டெக்னீஷியன் மோடத்தைத் தொடவே இல்லை. தன் போனை எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினார். அந்த மாதம் எங்கள் இணைப்பு எந்தெந்த நேரத்தில் போயிற்று, எதனால் போயிற்று என்று ஒரு பட்டியல்.

"ஃபைபர் அறுந்தா ஒரு மாதிரி காட்டுமுங்க அக்கா. மோடத்துல கரண்ட் நின்னா வேற மாதிரி காட்டும். சாவறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடற மாதிரி, மோடம் கடைசியா ஒரு தகவல் அனுப்பும், எனக்கு கரண்ட் போச்சுன்னு. பாருங்க, எல்லாமே அதுதான். ஒண்ணுகூட லைன் கட் இல்லீங்க."

"கரண்ட் போனா யூபிஎஸ் இருக்கே?"

"அதுதானுங்க. ஊட்டுல கரண்ட் போனாலும் மோடம் நிக்கக் கூடாது. யூபிஎஸ்ஸும் நான் பார்த்தேன், நல்லா இருக்குது."

அவர் போனைப் பையில் போட்டார். 

"யாராவது சுவிட்சை அணைச்சுப் போட்டாத்தான் இப்படிக் காட்டுமுங்க" என்றார். உடனே, "கூட்டறப்போ கை பட்டிருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"ஆமாமா, நான்தான் கூட்டறப்போ இடிச்சிருப்பேன்" என்றேன்.

பட்டியலில் இருந்த நேரங்கள் எல்லாம் நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்த நேரங்கள். வீட்டில் இருந்தது இரண்டே பேர். படியேறிப் போகிற டெக்னீஷியன் முதுகைப் பார்த்தபடி வாசலில் நின்றேன். 

அன்றைக்கும் மறுநாளும் கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது அவர் கைகளையே பார்த்தேன். இந்த மனிதர் எதற்காக இதைச் செய்ய வேண்டும்? நான் சம்பாதிப்பது பிடிக்கவில்லையா? ஊரில் யாராவது ஏதாவது சொன்னார்களா? இருபத்தி நாலு வருடம் கூட வாழ்ந்தவரைப் பற்றி ஒரு யூகம்கூடச் சரியாகப் பொருந்தவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. அவரிடம் சொல்லாமல், வழக்கம்போல ஒன்பது மணிக்குச் சிவப்புக் காகிதத்தை ஒட்டிவிட்டு அறைக்குள் போனேன். கதவை முழுதாகச் சாத்தாமல், கூடம் தெரிகிற மாதிரி ஒரு விரல் இடைவெளி விட்டேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாரும் இல்லாத இணைப்பில், "வணக்கம், சொல்லுங்கம்மா, நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்" என்று அவ்வப்போது பேசினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. சொந்த வீட்டில் சொந்தக் கணவனுக்கு ஒளிந்திருந்து வேவு பார்க்கிறேனே என்று தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பத்தரை வரை அவர் பேப்பர் படித்தார். அதை மடித்து வைத்தார். கீரையை எடுத்துவந்து ஆய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நிரம்பித் தோட்டம் தெரியாமல் போயிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கதவுப் பக்கம் வந்தார்.  அவர் கதவைத் தொடவில்லை. அந்தச் சிவப்புக் காகிதத்துக்கு முன்னால் சும்மா நின்றார். நான் பழக்கத்தில், "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று ஹெட்செட்டில் சொன்னேன். அவர் திரும்பிப் போய், டிவி ஸ்டாண்ட் முன்னால் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, யூபிஎஸ் சுவிட்சை அணைத்தார். உதடு அசைந்தது. எண்ணினார் போலும். மறுபடி போட்டார். அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தை எடுத்து வைத்தார். சோபாவில் வந்து உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டார். தலைமுடியை ஒருமுறை கையால் படிய வாரிக்கொண்டார்.

நான் எழுந்து வர வேண்டிய நேரம் அது. வரவில்லை. அவர் இரண்டு தடவை கதவைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, நெட்டு போயிருச்சா?" என்று குரல் கொடுத்தார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"எத்தனை நாளாங்க?"

"என்னது?"

"நான் பார்த்துட்டு நின்னேனுங்க. கதவிடுக்குல."

அவர் பேப்பரை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி மடித்தார்.

"பத்து நிமிசந்தானே" என்றார்.

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. திண்டுக்கல் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மூன்று எச்சரிக்கைகளைச் சொன்னேன். நான் கோயம்புத்தூருக்குப் போக வேண்டிவரும் என்று சொன்னேன். குரலைத் தாழ்த்தவே இல்லை. அந்த வீட்டில் பகல் நேரத்தில் அவ்வளவு உரக்க யாரும் பேசி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "எச்சரிக்கை கொடுத்தாங்கன்னு ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்றார்.

"சொன்னா மட்டும்?"

"சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன். எனக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் நின்னா உனக்கும் ஒரு ஓய்வுன்னு நெனச்சேன்."  பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "நீ நாள் பூரா பேசறே. கதவுக்கு அந்தப் பக்கம். யாரோ ஒருத்தருக்கு, பதறாதீங்க, நான் இருக்கேன்னு எத்தனை நல்லாச் சொல்றே. நான் இங்க உக்காந்து கேட்டுட்டே இருக்கறேன். ஆறு மணிக்கு வெளிய வந்தா உனக்குத் தொண்டை வத்திப் போயிருது. கையைக் காட்டித்தான் காபி கேக்கறே. நெட்டு போனாத்தான் வந்து இப்படி உக்கார்றே. போன மாசம் முதல் தடவை நெசமாவே தானாத்தான் போச்சு. அன்னிக்கு இருபது நிமிசம் பேசிட்டிருந்தோம். உனக்கு நெனப்பிருக்குதா?"

எனக்கு நினைவில்லை. என் முகத்திலேயே அவர் அதைத் தெரிந்துகொண்டார்.

"அந்தப் பொம்பளை ஊட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

அவர் எழுந்து, மஃப்ளர்கூட எடுக்காமல் படியேறிப் போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். கீரை ஆய்ந்தபடியே கிடந்தது. கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கமாக, நான் மேலே ரோட்டுக்கும் கீழே வீட்டுக்கும் மூன்று முறை ஏறி இறங்கினேன். மூடுபனியில் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றிலும் அவர் இறங்குகிறாரா என்று பார்த்தேன்.

நாலு மணிக்கு நடந்தே வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். துவட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த லைன் பார்க்கற தம்பியைப் போய்ப் பார்த்தேன். கோத்தகிரி ரோட்டுல கம்பத்து மேல நின்னுட்டிருந்தாரு. எறங்கி வர்ற வரைக்கும் நின்னேன். நாந்தான் அணைச்சேன், உங்களை மூணு தடவை வெட்டியா அலைய விட்டுட்டேன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"தெரியுமுங்கண்ணான்னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. நான் கூட்டும்போது கை பட்டிருக்கும் என்று சொல்லி மூடி வைத்ததை இவர் போய்த் திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறார். இனி அந்த மனிதர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. நனைந்துகொண்டு ஒரு கம்பத்தடியில் காத்து நின்று, தன்னைவிட வயதில் சின்னவரிடம் அதைச் சொல்வது ஒருவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்னும் சில நாட்கள் ஆயின.

"மோடத்தை உன்ற ரூமுக்கே மாத்திடச் சொல்லு. எனக்கே என் மேல நம்பிக்கையில்லை" என்றார்.

மாற்ற வேண்டாம் என்றேன். மாற்றினால் அதற்காகச் சுவரில் போடும் ஓட்டையையும் புது ஒயரையும் தினமும் பார்த்துக்கொண்டு இருவரும் இருக்க வேண்டும். அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

கதவிலிருந்து சிவப்புக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். மத்தியானம் ஒரு மணிக்கு உள்ள இடைவேளையில் மேசையிலேயே சாப்பிடுவதை விட்டுவிட்டு வெளியே வந்து அவரோடு உட்கார்ந்தேன். முதல் நாட்களில் மிகவும் சிரமமாக இருந்தது. பேசுவதற்கென்று நேரம் ஒதுக்கினால் பேச்சு வருவதில்லை. ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டோம். ஒரு நாள் அவர் ஃபேக்டரி மூடிய அன்றைக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார். மெஷின்களை அணைத்த பிறகு அந்தக் கட்டடத்தில் நிற்கவே பயமாக இருந்தது, அவ்வளவு அமைதியை அங்கே கேட்டதில்லை என்றார். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதுவே என்றார். நான் சாப்பிட்ட தட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றே முக்காலுக்கு உள்ளே போக வேண்டியிருந்தது. போனேன்.

அதன் பிறகு சில வாரங்கள் என் வேலையில் பெரிய தடங்கல் எதுவும் வரவில்லை. நாலாவது எச்சரிக்கை வரவில்லை. மேற்பார்வையாளரிடம் அடாப்டர் கெட்டுப்போயிருந்தது, மாற்றிவிட்டோம் என்று பொய் சொன்னேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை எடைபோட்டு வாங்கும் ஷெட் ஒன்றில் என் கணவர் காலை நேர வேலைக்குப் போக ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார்.

கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் பெய்த ஒரு முற்பகலில் நெட் நின்றது. கூடத்துக்கு வந்தேன். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு எரிந்தால் வெளியே லைன் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். யாராவது சுவிட்சை அணைத்துப் போட்டிருந்தால் விளக்குகள் எல்லாம் சிமிட்டிக்கொண்டு எழுந்துகொண்டிருக்கும். டெக்னீஷியன் வாயால் கேட்டு எனக்கு இது மனப்பாடம். என் கணவர் அப்போது வீட்டில்கூட இல்லை. இருந்தும் நான் தரையில் மண்டியிட்டு, ஸ்டாண்டுக்குள் கையை விட்டு, யூபிஎஸ் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன். பிளக்கை அழுத்திப் பார்த்தேன்.

நிமிர்ந்தால் அவர் வாசலில் நிற்கிறார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"மேல வளைவுல சில்வர் ஓக் மரம் விழுந்து லைனெல்லாம் அறுந்து கெடக்குது. அதைச் சொல்லலாம்னுதான் பாதியில வந்தேன்" என்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.  தூசி துடைத்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"சிவப்பாத்தானே எரியுது?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"சரி" என்றார். குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, மரத்தை வெட்டுகிற இடத்தில் ஆள் போதவில்லை என்று சொல்லி மழையிலேயே திரும்பப் போனார்.

மறுநாள் மத்தியானம் டெக்னீஷியன் லைனைச் சேர்த்துக் கொடுத்தார். விளக்குகள் பச்சையாகின. மேற்பார்வையாளர் பேப்பரில் வந்த மழைச் செய்தியைப் பார்த்திருந்தாள், எச்சரிக்கை எதுவும் அனுப்பவில்லை.

இப்போதும் மோடம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அவர் அந்த மூலைப் பக்கம் போவதில்லை. வீட்டைக் கூட்டுகிறவர் அவர்தான். டிவி ஸ்டாண்டைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டுக் கூட்டுகிறார். அங்கே சேரும் தூசியை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துடைக்கிறேன்.